வராத புயலுக்கு என் விளக்கம்

நெய்வேலி, பதினோராவது பிளாக்,
காளயுக்தி வருஷம் ஐப்பசி 23, வியாழக்கிழமை

மேல்பட்டாம்பாக்கம் உயர்திரு பழனிசாமி அவர்களின் மேலான சமூகத்துக்கு, கொளஞ்சியப்பன் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகவே இக்கடிதத்தில் அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் தாங்கள் விரும்பினால் பேனாவால் அடித்துவிட்டுப் படிக்கலாம். இங்கே நானும் என் மனைவி செங்கமலமும் மகள் சந்திராவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், வீட்டம்மாள் ராஜாம்பாள் அவர்களும், மாப்பிள்ளை ராஜேந்திரனும், கரும்பும், கறவை மாடுகளும் சுகமாக இருப்பதாகவே நம்புகிறேன். அடுத்தபடியாக அங்கே மழை எப்படி என்று விசாரிப்பதுதான் முறை. நான் விசாரிக்கப் போவதில்லை. அந்தப் பேச்சை எடுக்கும் யோக்கியதையை நான் போன வெள்ளிக்கிழமை இழந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, நிச்சயதார்த்தத்துக்காக நாற்பது பேரோடு தாங்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது என் தந்தி வந்து சேர்ந்ததாகவும், "புயல் வருகிறது, புறப்பட வேண்டாம்" என்று மாப்பிள்ளை அதைப் படித்துச் சொன்னதும், தாங்கள் அண்ணாந்து ஒரு மேகம்கூட இல்லாத வானத்தைப் பார்த்தபடியே வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்ததாகவும் என் மச்சான் மருதமுத்து வந்து சொன்னார். அவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர், கேட்டதை ஓர் எழுத்துக்கூடக் குறைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பவர். "புயலு அவரு வூட்டுக் கூடத்துக்குள்ள மட்டும் அடிச்சிட்டுப் பூடுச்சாமா? பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்றதுதான, எதுக்கு வானத்து மேல பழியப் போடணும்?" என்று தாங்கள் கேட்டதையும் அப்படியே சொன்னார். கார்த்திகை பிறந்ததும் நெல்லிக்குப்பத்தில் வேறு பெண் பார்க்கப் போவதாகத் தங்கள் வீட்டில் பேச்சு என்பதையும் சேர்த்துச் சொன்னார். சம்பந்தி, பெண் கொடுக்க எங்களுக்கு இஷ்டமில்லாமல் இல்லை. இதைவிட நல்ல இடம் என் மகளுக்கு வாய்க்காது என்று இந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் தாங்கள் கோபத்தில் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதுதான் அப்பட்டமான உண்மை. புயல் என் வீட்டுக் கூடத்துக்குள் மட்டும்தான் அடித்தது. அது எப்படி என்று சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். பொறுத்தருள வேண்டும்.

நான் சுரங்கத்தின் அடிமட்டத்தில், மழைத்தண்ணீர் வந்து தேங்குகிற பெரும் பள்ளத்தின் கரையில் உள்ள பம்ப் ஹவுஸில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன் என்பது தாங்கள் அறிந்ததே. மேலே ஊர், கீழே நாங்கள், நடுவில் எழுபது மீட்டர் ஆழம். கல்கத்தாப் பக்கத்துச் சர்வே ஆபீசர் ஒருவர் மழை வந்தால் என் பம்ப் ஹவுஸில்தான் ஒதுங்குவார். ஆடி மாதம் அவர் மாற்றலாகிப் போகும்போது, அந்த நன்றிக்கு ஒரு பாரோமீட்டரையும் வானிலை பற்றிய ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது அவருடைய சொந்தப் பொருள், கம்பெனிச் சொத்து அல்ல. கைப்படச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், தேவைப்பட்டால் காட்டுகிறேன். பார்ப்பதற்குப் பித்தளை விளிம்பு போட்ட சுவர்க் கடிகாரம் மாதிரி இருக்கும். ஒரே ஒரு முள். காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று அந்த முள் காட்டும். முள் ஏறினால் வானம் நன்றாக இருக்கும், இறங்கினால் மழை, மளமளவென்று இறங்கினால் புயல். இவ்வளவுதான் சூத்திரம் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். அதைப் பம்ப் ஹவுஸில் மாட்டி, தினம் காலை பத்து மணிக்கு டீ வரும்போது ஒரு தடவை பார்த்து, நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒரு மாதத்தில் எனக்குச் சுரங்கம் முழுக்கப் பெயர் வந்துவிட்டது. மிளகாய் காயப்போடலாமா, குழந்தைக்கு மொட்டை போட வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போகலாமா என்றெல்லாம் என்னைத்தான் கேட்பார்கள். நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், வியாழன் காலை பத்து மணிக்கு முள் 1012-இல் இருந்தது. அருமையான வானிலை. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. மறுநாள் தாங்கள் வந்து உட்காரும்போது எதிர்ச்சுவரில் இது தொங்கினால், பெண்ணின் தகப்பன் வெறும் பம்ப் ஆபரேட்டர் இல்லை, நாலு விஷயம் தெரிந்தவன் என்று தங்களுக்குத் தோன்றும் அல்லவா? ஷிப்டு முடிந்ததும் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்து, ஆணி அடித்து, மாட்டிவிட்டு, நாலு மணிக்குக் காப்பித் தம்ளரோடு அண்ணாந்து பார்க்கிறேன், முள் 1001-இல் நிற்கிறது. ஆறு மணி நேரத்தில் பதினோரு புள்ளி. புத்தகத்தைப் புரட்டினேன். ஆறு மணி நேரத்தில் ஆறு புள்ளி இறங்கினாலே கடும் புயல், கப்பல்கள் கரைக்கு ஓடவேண்டும் என்று போட்டிருந்தது. பதினோரு புள்ளிக்கு என்ன செய்யவேண்டும் என்று அதில் போடவே இல்லை. அதை எழுதினவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை போலும் என்று நினைத்தபோது காப்பி வேட்டியில் கொட்டிவிட்டது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாடசாமியைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிக்காரர், மண் வெட்டுகிற பெரிய மிஷின் ஓட்டுகிறவர், லேசில் எதையும் நம்பமாட்டார். "என்னவே சொல்லுதீரு? கடலு நாப்பது கிலோமீட்டருக்கு அந்தால கெடக்கு. ரேடியோவுல ஒண்ணுஞ் சொல்லலியே," என்றார். ரேடியோக்காரர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேர்ந்திருக்காது என்றேன். அவர் முள்ளைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். "முள்ளு பொய் சொல்லாதுல்லா," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அரை மணியில் பிளாக் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சைக்கிள் ஷெட் தகரத்தின்மேல் கல் ஏற்றினார்கள், மாட்டை வராந்தாவில் கட்டினார்கள், இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சோறு வடித்தார்கள். காற்றில் மரம் சாய்ந்தால் தார் வீணாகிவிடுமே என்று ஒருவர் தன் தோட்டத்து வாழைத்தாரைப் பிஞ்சாகவே வெட்டி உள்ளே வைக்க, அதைப் பார்த்து அடுத்தவர் வெட்ட, இருட்டுவதற்குள் எங்கள் பிளாக்கில் ஒரு மரத்திலும் தார் இல்லை. நம் வாசலில் பந்தல் போட்டிருந்த, பக்கத்து வடக்குத்து ஊர்க்காரர் ஓடிவந்து, "காத்து வந்தா என் கீத்து பூரா பூடுங்க, நா பிரிச்சிக்கினு போறங்க," என்று போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார். நான் தந்தி ஆபீசுக்குப் போனேன். நாற்பது பேர், பெண்டு பிள்ளைகள், திறந்த சாலை. தங்களைத் தடுப்பது என் கடமை என்று நினைத்தேன். சந்திரா மட்டும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுக் குடுக்கலாமேப்பா," என்றாள். நான் கேட்கவில்லை.

விடிந்தது. ஐப்பசியில் அப்படி ஒரு வெயிலை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. தகரத்தின்மேல் ஏற்றிய கல்லில் காக்கை உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கலியம்மாள் கையில் துடைப்பத்தோடு வந்து, ரொம்ப மரியாதையாக, "ஏங்க, புயலு எந்த ஷிப்டுங்க? ஃபர்ஸ்ட்டா, செகண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து இன்றுவரை பதினோராவது பிளாக்கில் காலையில் வாழைக்காய்ப் பொரியல், மதியம் வாழைக்காய்க் குழம்பு, சாயங்காலம் பஜ்ஜி. யார் வீட்டுக் குழந்தை சாப்பிட மறுத்தாலும் என் வீட்டைக் கைகாட்டித்தான் ஊட்டுகிறார்கள். நிச்சயத்துக்கு வாங்கிய பட்டுப் புடவையை சந்திரா மடிப்புக் கலையாமல் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை, அந்தச் சனியனைத் தண்ணீர்ப் பள்ளத்தில் வீசிவிடுவது என்ற முடிவோடுதான் எடுத்துக்கொண்டு போனேன். வீசியிருப்பேன். பம்புக்குள் போய் மாட்டிக்கொண்டால் மெமோ கொடுப்பார்களே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த நிமிஷத்தில் கண்ணில் பட்டது, முள் 1012-இல் நிற்கிறது. புயல் எங்கே போயிற்று? மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு மணிக்கு 1001. செங்கமலம் கற்பூரம் ஏற்றித் திருஷ்டி சுற்றினாள். இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை மறுபடி கீழே கொண்டுபோகத் துண்டை எடுத்தேன், இதற்கு என் வீட்டின்மேல் என்ன காழ்ப்பு என்று புலம்பிக்கொண்டே. சந்திரா பி.யூ.சி. படித்துவிட்டு டைப்ரைட்டிங் முடித்தவள் என்பது தங்களுக்குத் தெரியும். "வர்ற வழியில எந்த எடத்துல எறங்குதுன்னு பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. துண்டில் அல்லவா சுற்றியிருந்தேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு விட்டு மேலே ஏறுகிற பஸ்ஸில், துண்டை அவிழ்த்து, பாரோமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிமட்டத்தில் 1010. சுரங்கம் படிப்படியாக வெட்டியது, ஒவ்வொரு படியாகத்தான் பஸ் ஏறவேண்டும். முதல் படி ஏறியதும் முள் லேசாக அசைந்தது. என் கை ஆட்டம் என்று நினைத்தேன். அடுத்த படியில் 1008. மாடசாமி சீட்டை விட்டு எழுந்து என் தலைக்குமேல் குனிந்தார். நான் கேட்டுக்கொண்டதற்காக டிரைவர் அடுத்த திருப்பத்தில் பஸ்ஸையே நிறுத்தினார். முள்ளும் நின்றது. பஸ் கிளம்பியது, முள்ளும் கிளம்பியது. 1006. 1004. அதற்குள் ஐம்பது பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். மேல்தளத்துக்கு வந்தபோது 1002. காற்று அடிக்கவில்லை, மேகம் வரவில்லை, உலகத்தில் எதுவுமே மாறவில்லை. நாங்கள் ஏறினோம், அவ்வளவுதான். மாடசாமி, "எறங்குறது காத்து இல்லவே. நாமதான் ஏறுதோம்," என்றார்.

சம்பந்தி, இதை நான் சரியாகச் சொல்லவேண்டும், அதனால் நிதானமாக எழுதுகிறேன். காற்றுக்குக் கனம் உண்டு. நாம் கையை வீசினால் கையில் ஒன்றும் படுவதில்லை, அதனால் அது ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டோம். நம் தலைக்கு மேல் காற்று மைல் கணக்கில் அடுக்கி நிற்கிறது. தாங்கள் உள்ளங்கையை நீட்டினால், அதன்மேல் ஆகாயத்தின் உச்சிவரை நிற்கிற காற்றின் எடை ஓர் அரிசி மூட்டை. நூறு கிலோ. கையின் அடிப்புறத்திலிருந்தும் அதே அளவு அழுத்தம் மேல்நோக்கித் தாங்குவதாலும், உடம்புக்குள்ளும் அதே அழுத்தம் இருப்பதாலும் நாம் நசுங்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறோம். (இதைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து செங்கமலம் கையை மடக்கிக்கொண்டுதான் தூங்குகிறாள்.) பம்ப் ஹவுஸிலிருந்து வீட்டுக்கு ஏறி வரும்போது, எழுபது மீட்டர் காற்று என் தலைமேலிருந்து காலுக்குக் கீழே போய்விடுகிறது. அந்தப் பாரம் குறைந்ததைத்தான் முள் சொன்னது. எட்டுப் புள்ளி. அது பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னது, நான் கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கிறேன். சுரங்கத்தில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருப்பது தெரியும். ராப்பகலாகப் பம்பு போட்டு அதை இறைக்காவிட்டால் தரையே பிளந்துவிடும் என்று தெரியும். காலுக்குக் கீழே அழுத்துகிறதைப் பதினெட்டு வருஷமாகக் காவல் காத்தவனுக்குத் தலைக்கு மேலே அழுத்துவது தெரியாமல் போயிற்று. தினம் இரண்டு தடவை அந்தப் பாரத்தை ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் பீடி வலித்தபடி போய்வந்திருக்கிறேன்.

எட்டுப் புள்ளிக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை இறங்கியது பதினொன்று. மீதி மூன்று எங்கே? நேற்று புதன்கிழமை எனக்கு வார லீவு. பாரோமீட்டரை ஆணியிலிருந்து எடுக்காமல், அதன் எதிரே நாற்காலி போட்டு விடியற்காலையிலிருந்து உட்கார்ந்துவிட்டேன். செங்கமலம் அங்கேயே இட்லியைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலை பத்துமணி வரை முள் மெல்ல மெல்ல ஏறி 1004-க்கு வந்தது. பிறகு இறங்க ஆரம்பித்து நாலு மணிக்கு 1001. அப்புறம் மறுபடி ஏறத் தொடங்கியது. புத்தகத்தில் பார்த்தோம். நம்மைப் போன்ற வெயில் நாடுகளில் தினமும் இப்படித்தானாம். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, சூரியனின் சூட்டால் ஆகாயம் மொத்தமும் ஏறி இறங்குகிறதாம். நான் பத்து மணிக்கு டீ வரும்போது மட்டுமே பார்த்ததால், அதன் உச்சியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சம்பந்தி, நாம் பிறந்த நாளிலிருந்து நம் தலைக்குமேல் இவ்வளவு பெரியது ஒன்று மூச்சு வாங்கி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, நாம் அதைக் கேட்காமலேயே கரும்பு வெட்டியிருக்கிறோம், பம்பு ஓட்டியிருக்கிறோம். சந்திரா முள்ளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "எவ்ளோ அழகா இருக்குப்பா," என்றாள். ஆறு நாளில் அவள் வாய் திறந்து ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குமேல் எங்களால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு இருவருமாகப் படித்தோம். மழை, காற்று, இடி, புயல் எல்லாமே நடப்பது மேலே பதினாறு பதினேழு கிலோமீட்டருக்குள்தானாம். நெய்வேலியிலிருந்து பண்ருட்டிக்குப் போகிற தூரம்கூட இல்லை. மொத்தக் காற்றில் பாதி, வடக்குத்துக்குச் சைக்கிளில் போய்த் திரும்புகிற தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் காற்றில் நம் மூச்சுக்கு உதவுவது ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பங்கு சும்மா உள்ளே போய்ச் சும்மா வெளியே வருகிறது. இங்கே அனல்மின் நிலையத்தில் வெந்நீர் ஆறுகிற கோபுரங்களிலிருந்து ஆவி வெள்ளையாகக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் காணாமல் போவதைத் தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று ரசித்தீர்கள். அது காணாமல் போவதில்லையாம். கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயேதான் இருக்கிறது. தங்கள் குளம், கெடிலம், கடல், கரும்பின் இலை எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் எழும்பி, மேலே போகப்போகக் குளிர்ந்து, திரும்பக் கண்ணுக்குத் தெரிகிறபோதுதான் அதற்கு மேகம் என்று பெயர்.

இதையெல்லாம் நடத்துவது வெயில். வெயில் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சுடவைப்பதில்லை. தரை சீக்கிரம் சுடுகிறது, சீக்கிரம் ஆறுகிறது. கடல் நிதானம். சூடான காற்று விரிந்து லேசாகி மேலே போகிறது, அந்த இடத்தில் பாரம் குறைகிறது, பாரம் கூடின இடத்திலிருந்து காற்று அங்கே ஓடிவருகிறது. காற்று வீசுவது என்பது அவ்வளவுதான். இத்தனை நாளும் ஐப்பசியில் வாடைக்காற்று ஏன் வருகிறது என்று கேட்டால், ஐப்பசி வந்துவிட்டது, அதனால் வருகிறது என்று சொல்லியிருப்பேன். வடக்கே தரை ஆறிவிட்டது, அங்கே காற்றுக் கனத்துவிட்டது, தெற்கே கடல் இன்னும் சூடாக இருக்கிறது, வடக்கேயிருந்து இங்கே வருகிற காற்று வங்காள விரிகுடாவைத் தடவிக்கொண்டு தண்ணீரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து தங்கள் கரும்பின்மேல் கொட்டுகிறது. எங்கள் பம்பு ஒரு நாள் முழுக்க இறைக்கிற தண்ணீரை அது ஒரு தூறலில் போட்டுவிட்டுப் போகும். புயல் என்பதும் வேறில்லை. சூடான கடலில் ஓரிடத்தில் காற்று மேலே மேலே போய்ப் பாரம் ரொம்பக் குறைந்துவிட்டால், நாலா பக்கத்திலிருந்தும் காற்று அங்கே பாய்கிறது. பூமி சுழல்வதால் நேராகப் போய்ச் சேர முடியாமல் வளைந்து வளைந்து அதையே சுற்றுகிறது. மேலே போன ஆவி மேகமாகும்போது தன் சூட்டை விட்டுவிடுகிறது, அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. தனக்குத் தானே விறகு போட்டுக்கொள்கிற அடுப்பு. இதை நான் புயல் பயத்தில் எழுதவில்லை, பிரமிப்பில் எழுதுகிறேன். இவ்வளவு நாள் வானத்தை வெறும் காலி இடம் என்று நினைத்திருந்தேன் சம்பந்தி. வெட்கமாக இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள். மச்சான் ஜோசியரிடம் கேட்டுவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி 26, நல்ல நாள். பந்தல்காரர் மறுபடி கீற்றோடு வரச் சம்மதித்திருக்கிறார். தாங்கள் பழைய கோபத்தை மறந்து, அதே நாற்பது பேரோடும், கூட இன்னும் பத்துப் பேரோடும் வந்து என் மகளை நிச்சயம் செய்துகொள்ளவேண்டும். வானத்தைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். இன்று சந்திரா குறித்துவைத்தபடி காலை பத்து மணிக்கு முள் 1004, நாலு மணிக்கு 1001, எழுதிவைத்த மாதிரி நிற்கிறது. புயலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாரோமீட்டர் இருக்கிற இடத்தை விட்டு இனி ஓர் அங்குலம் நகராது. வானிலை பற்றி நான் இனி ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை என்று செங்கமலத்தின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அவள் வலிக்கிறது என்றாள், அவ்வளவு உறுதியாகச் செய்தேன்.

ராஜாம்பாள் அம்மாளுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் ஆசியையும், வேனில் ஏறி இறங்கின நாற்பது பேருக்கும் தனித்தனியாக என் மன்னிப்பையும் தெரிவிக்கவேண்டும். தங்கள் குடும்பமும் கொல்லையும் மழை அளவோடு பெய்து செழிக்கட்டும். தங்கள் வருகையை வாசலிலேயே நின்று எதிர்பார்க்கும்,

கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி, நிச்சய ஏற்பாடுகளுக்காக லீவில் இருக்கிறேன். மச்சான் பண்ருட்டி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார், உறையை இன்னும் ஒட்டவில்லை. தினப்படி வழக்கத்தில் இந்த நேரம் முள் 1004-இல் இருக்கவேண்டும். 997-இல் இருக்கிறது. ஏறவேண்டிய நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. ஆணியில் இருந்து எடுக்கவில்லை. கீழே கொண்டுபோகவில்லை, மேலே கொண்டுவரவில்லை. எட்டு மணிக்கு 999, ஒன்பதுக்கு 998. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் இறங்கியது. வெளியே நல்ல வெயில். ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லை. மாடசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் என் தோளில் கை வைத்து, "வே, போதும்வே," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். தந்தி ஆபீஸில் என்னைப் பார்த்ததுமே சிரிக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே எழுதியதை மட்டும் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சந்திராதான் பேனாவை என் கையில் திணித்தாள். "எழுதுங்கப்பா. ஞாயித்துக்கெழமை பொறப்படாதீங்கன்னு எழுதுங்க," என்றாள். ஏம்மா, ரெண்டாந் தடவையும் இப்படி எழுதினா அவங்க இந்தச் சம்பந்தமே வேணாம்னு சொல்லிடுவாங்களே என்று கேட்டேன். "வேணாம்னு சொல்லட்டும்ப்பா. அதச் சொல்றதுக்கு அவங்க நல்லா இருக்கணுமில்ல," என்றாள்.

தயவுசெய்து புறப்பட வேண்டாம்.